கடன் வாங்கிய கதைகள்

தமிழ்ப் படங்களில் புதிய கதை என்பதே கிடையாது என்ற புகார் நமது காரியாலயத்துக்கு வரும் கடிதங்களில் அடிக்கடி காணப்படுகிறது. பழைய படத்தின் பெயரை எடுத்துப் புதிய படத்துக்குச் சூட்டுகிறார்கள். தெலுங்கிலும் மலையாளத்திலும் ஓடிய கதையை ஊர்ப் பெயரை மாற்றிக்கொண்டு இங்கே ஓட்டுகிறார்கள். ஒரே கதைக்கு இரண்டு தலைமுறைகளிடம் டிக்கட் விற்கிறார்கள். இவ்வாறெல்லாம் நேயர்கள் மனம் நொந்து எழுதுகிறார்கள்.

அவர்கள் காட்டும் உதாரணங்கள் பொய்யல்ல. 1978-ல் ஹிந்தியில் வந்த 'டான்' 1980-ல் தமிழில் 'பில்லா' ஆயிற்று. 2007-ல் அதே 'பில்லா' மறுபடியும் பிறந்தது. 1993-ல் மலையாளத்தில் வந்த 'மணிச்சித்திரத்தாழ்' 2004-ல் கன்னடத்திலும், 2005-ல் 'சந்திரமுகி' என்று தமிழிலும், 2007-ல் ஹிந்தியிலும் வேஷம் மாற்றிக்கொண்டு வந்தது. 1979-ல் வந்த ஹிந்திப் படமாகிய 'கோல்மால்' 1981-ல் 'தில்லுமுல்லு'வாகி, 2013-ல் அதே பெயருடன் திரும்பி வந்தது. ஜாபிதாவை இன்னும் நீட்டலாம். பத்திரிகையில் இடம் போதாது.

ஆயினும் இந்தப் புகாரை நாம் முழுவதும் ஒப்புக்கொள்வதற்கில்லை. அதில் பாதி நியாயம் இருக்கிறது. மறு பாதி நம்முடைய மூதாதையர் அனைவரையுமே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிடும். எந்தப் பாதியை ஏற்பது, எந்தப் பாதியைத் தள்ளுவது என்பதே இன்று நாம் ஆராய விரும்பும் விஷயம். வீண் பொழுதுபோக்கைப் பற்றிய விசாரம் என்று தேச காரியங்களில் ஈடுபட்ட நேயர்கள் இதை ஒதுக்கிவிட வேண்டாம். உழைத்தவன் பெயர் மறைக்கப்படுவதும், உழையாதவன் பெயர் பொறிக்கப்படுவதும் எந்தத் தொழிலில் நடந்தாலும் அது பொதுக் காரியமே.

மூதாதையர் செய்த கடன்

கதையைப் புதிதாகக் கற்பிப்பதுதான் கலை என்றால் கம்பனுக்குக் கவிச்சக்கரவர்த்திப் பட்டம் இல்லை. அவன் எடுத்துக்கொண்ட கதை வால்மீகியுடையது. அதை அவன் மறைக்கவுமில்லை. தனக்கு முன் இக்கதையைச் செய்தவர் மூவர் என்றும், அவர்களில் முதல்வரைப் பின்பற்றியே தான் செய்ததாகவும் காவியத்தின் வாயிலிலேயே சொல்லிவிட்டான். அதன்பின், வால்மீகியில் இல்லாத இரணியன் வதையைத் தானே சேர்த்தான். ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்'டும் டென்மார்க் தேசத்தின் பழைய சரித்திரக் கதை ஒன்றிலிருந்து வந்ததுதான். அதே நாடகத்தைப் பம்மல் சம்பந்த முதலியார் 'அமலாதித்யன்' என்று தமிழ் மேடைக்குக் கொண்டுவந்தார். அவர் வக்கீலாக இருந்து நீதிபதியானவர்; எது தம் சொத்து, எது பிறர் சொத்து என்பதை அறிந்தவர். ஷேக்ஸ்பியரிடம் வாங்கியதை ஷேக்ஸ்பியரிடம் வாங்கியதாகவே சொல்லி ஆடினார்.

மேடை நாடகங்களுக்கு இலக்கணம் வகுத்த சங்கரதாஸ் சுவாமிகளும் கதைகளைப் பெரும்பாலும் புராணங்களிலிருந்தும் நாட்டு வழக்கிலிருந்துமே எடுத்துக்கொண்டார். 'பவளக்கொடி' மேடையிலிருந்து 1934-ல் பேசும் படத்துக்கு வந்தது. 1949-ல் மறுபடியும் படமாயிற்று. 'மனோகரா' 1936-ல் ஒரு முறையும் 1954-ல் ஒரு முறையும் திரைக்கு வந்தது. ஆகவே, ஒரே கதையை இரண்டு முறை விற்பது இன்றைய முதலாளிகள் கண்டுபிடித்த வித்தையல்ல. தமிழ் சினிமாவுக்குப் பல் முளைத்த நாளிலேயே அது கூடவந்தது.

இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்லுவோம். பழைய கதையே நமது சுதந்திரப் போருக்கு ஆயுதமாக இருந்திருக்கிறது. திலகருடைய 'கேசரி'யில் பணிபுரிந்த காடில்கர் 1907-ல் 'கீசக வதம்' என்ற மராட்டி நாடகத்தை எழுதினார். பாரதத்திலுள்ள கதைதான், ஒரு பாத்திரத்தின் பெயரைக்கூட அவர் மாற்றவில்லை. ஆனால் கீசகனைக் கண்ட ஜனங்கள் கர்ஸான் பிரபுவைக் கண்டார்கள். மானம் காக்கக் கதறும் திரௌபதியிடத்தில் பாரத மாதாவைக் கண்டார்கள். பொறு பொறு என்னும் தருமரிடத்தில் மிதவாதிகளைக் கண்டார்கள். ராஜாங்கத்தாரும் கண்டுகொண்டார்கள், 1910-ல் நாடகத்தைத் தடை செய்தார்கள். 1921-ல் வந்த 'பக்த விதுரர்' என்ற ஊமைப் படத்தில் விதுரர் காந்தியடிகளின் சாயலில் நடமாடினார் என்பதற்காகச் சென்னையிலும் கராச்சியிலும் தடை விழுந்தது.

தமிழ்நாட்டிலோ, தியாகி விசுவநாத தாஸ் ஒருவரே போதும். வள்ளி திருமணம் எத்தனையோ இரவுகள் எத்தனையோ ஊர்களில் ஆடப்பட்ட நாடகம். தினைப்புனத்தில் பறவைகளை விரட்டும் கட்டம் எல்லோருக்கும் மனப்பாடம். அந்தக் கட்டத்தில் அவர் வெள்ளைக் கொக்கை விரட்டியபோது கொட்டகை முழுவதும் எழுந்து ஆரவாரித்தது. வெளியே போலீஸார் வாரண்டுடன் காத்திருந்தனர். 1940-ம் வருஷத்தின் கடைசி நாளில், சென்னை மேடையில் முருகன் வேஷத்தில், மயில்மேல் அமர்ந்தபடியே அவர் உயிர் நீத்தார். கதை பழையதுதான், ஆனால் அன்றிரவு கொட்டகையில் இருந்தவர் எவரும் பழைய சரக்கு என்று முணுமுணுத்திருக்க மாட்டார்.

ஓர் இரும்பு முகமூடியின் யாத்திரை

கதைகள் எவ்வாறு கை மாறுகின்றன என்பதை விளக்க ஓர் உதாரணத்தைச் சற்று விரிவாகவே சொல்லுகிறோம்.

பிரான்ஸ் தேசத்தில் பதினான்காம் லூயி மன்னன் காலத்தில் முகமூடியிட்ட கைதி ஒருவன் இருந்தான். 1703-ல் பாஸ்டில் சிறையில் இறந்தான். அவன் யார் என்பது வெளியாகவில்லை. அதனால் வதந்தி பிறந்தது. அவன் அரசனுடைய சகோதரன் என்ற கதையை வால்டேர் ஊரறியச் செய்தார். அந்த வதந்தியை நாவலாசிரியர் டூமா பத்தொன்பதாம் நூற்றாண்டில் எடுத்து, கைதியை அரசனின் இரட்டைப் பிறவியாக்கித் தம் நாவல் ஒன்றில் அமைத்தார். 1939-ல் ஹாலிவுட்டில் அது படமாயிற்று. 1940-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸில் டி. ஆர். சுந்தரம் அதை 'உத்தமபுத்திரன்' ஆக்கினார், பி. யு. சின்னப்பா இரண்டு வேஷங்களிலும் நடித்தார். 1958-ல் சிவாஜி கணேசன் அதே பெயரில், அதே இரட்டை வேஷத்தில் தோன்றினார். அதே 1958-ல் எம். ஜி. ராமச்சந்திரன் தயாரித்த 'நாடோடி மன்ன'னும் அரசனும் அவனைப் போன்ற ஒருவனும் இடம் மாறும் கதையே. அதன் வேர் அந்தோணி ஹோப் 1894-ல் எழுதிய இங்கிலீஷ் நாவலில் இருக்கிறது.

யாத்திரை அத்துடன் நிற்கவில்லை. 2006-ல் 'இம்சை அரசன் 23-ம் புலிகேசி' வந்தது. மறுபடியும் இரட்டைப் பிள்ளைகள். ஒருவன் அரண்மனையில், மற்றவன் வெளியில். ஆனால் இந்தத் தடவை அரசன் ஹாஸ்யக்காரன். வெள்ளைக் கம்பெனிக்குத் தலையாட்டும் பாளையக்காரனையும், நம் நாட்டில் வந்து விற்கும் அந்நியக் குளிர்பானங்களையும் ஒரே வீச்சில் அந்தப் படம் நையாண்டி செய்தது. மூன்று நூற்றாண்டு பழமையான பிரெஞ்சு வதந்தி நமது நாட்டு அடிமைப் புத்தியைப் பரிகசிக்கப் பயன்பட்டது என்றால், கடன் வாங்கியவன் அதை வட்டியுடன் திருப்பிவிட்டான் என்றே சொல்லுவோம்.

2010-ல் வந்த மற்றொரு 'உத்தமபுத்திர'னையும் சொல்ல வேண்டும். இதற்கும் முகமூடிக் கைதிக்கும் சம்பந்தமில்லை. கதை 2008-ல் தெலுங்கில் வந்த 'ரெடி'யுடையது. தமிழ்ப் பெயர் ஒரு வீட்டில் கடன், கதை மற்றொரு வீட்டில் கடன். தலைப்புக்குப் பதிப்புரிமை கிடையாது என்று 2015-ல் ஸுப்ரீம் கோர்ட்டார் ஒரு ஹிந்திப் பட வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருக்கின்றனர். ஆகவே இதில் சட்டத் தவறு ஒன்றுமில்லை. ஆனால் சட்டத் தவறில்லாத காரியமெல்லாம் பாராட்டத் தக்க காரியம் ஆகிவிடாது.

முதலாளியின் பக்கம்

பட முதலாளியின் பக்கத்தையும் கேட்பது நியாயம். அவர் வட்டிக்குப் பணம் வாங்கிப் படம் எடுக்கிறார். புதிய கதை ஓடுமா ஓடாதா என்பது முதல் வெள்ளிக்கிழமை மாலைக்குள் தெரிந்துவிடும். ஓடாவிட்டால் வீடு அடமானத்துக்குப் போய்விடும். ஆந்திராவில் ஏற்கனவே ஓடிய கதை அவருக்கு ஒரு வகை இன்ஷ்யூரன்ஸ். முன்னாளில் நாடகக் கொட்டகைகளில் ஓடித் தேறிய கதைகளையே பேசும் பட முதலாளிகள் தேடிப் போனதும் இதே காரணத்தால்தான். இது பயத்தின் குணம். துரோகத்தின் குணமென்று நாம் சொல்ல மாட்டோம்.

பயத்தினால் வாங்குகிறவரும் விலை கொடுத்து வாங்கலாம் அல்லவா? கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். 2013-ல் மலையாளத்தில் வந்த 'திருஷ்யம்' உரிமை பெற்று 2015-ல் 'பாபநாசம்' ஆயிற்று. 2019-ல் சீனத்திலும் உரிமையுடன் எடுக்கப்பட்டது. ஆக, நேர்மையாகச் செய்தால் வியாபாரம் நடவாது என்ற வாதம் செல்லாது.

கதரும் ஆலைத் துணியும்

எது கடன், எது களவு என்பதற்கு நமது தேசிய இயக்கத்திலிருந்தே ஓர் அளவுகோலை எடுத்துக் காட்ட விரும்புகிறோம். கதருக்கு மதிப்பு உயர்ந்த காலத்தில், ஆலையில் நெய்த துணிக்குக் கதர் என்று பெயரிட்டு விற்கும் வியாபாரிகள் கிளம்பினார்கள். 1934-ல் கதர்ப் பெயர்ப் பாதுகாப்புச் சட்டம் ஒன்று செய்ய நேர்ந்தது. அந்தச் சட்டம் ஆலைத் துணியைத் தடுக்கவில்லை. ஆலைத் துணியை விற்பவன் அதை ஆலைத் துணி என்று சொல்லித் தாராளமாக விற்கலாம். கைராட்டினத்தில் நூற்றுக் கைத்தறியில் நெய்தவர்களுக்குச் சொந்தமான பெயரை அதன் மேல் ஒட்டக் கூடாது என்று மட்டுமே சொல்லிற்று. அவ்வளவு சிறிய விதிதான்; ஆனால் கிராமத்தில் நூற்கும் பெண்ணின் கூலி அந்தச் சிறிய விதியில் தொங்கிற்று.

கதை விஷயத்திலும் நமது கோரிக்கை இவ்வளவே. வாங்குங்கள், வாங்கியதைச் சொல்லுங்கள், உயிரோடிருப்பவனிடம் வாங்கினால் அவனுக்குரிய கூலியைக் கொடுங்கள். வெறுங்கையுடன் வாங்கிய கதைக்கு, 'கதை' என்று போட்டுத் தம் பெயரைப் போட்டுக்கொள்வது ஆலைத் துணியில் கதர் முத்திரை குத்துவதாகும்.

இந்த விஷயத்தில் எழுத்தாளர்களும் புனிதர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. அயல்நாட்டுக் கதைகளைத் தழுவி எழுதுவதைப் புதுமைப்பித்தன் காரமாகக் கண்டித்தார். மொழிபெயர்ப்பே நேர்மை என்று வாதாடினார். பிற்காலத்தில் அவருடைய சில கதைகளே மாப்பஸானைத் தழுவியவை என்று ஆராய்ச்சியாளர் எடுத்துக் காட்டினர். பெரியோருக்கும் இந்தச் சறுக்கல் நேரும். ஆதலால்தான் தனி மனிதரின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பாமல் ஒரு வழக்கம் ஏற்பட வேண்டும் என்கிறோம்.

நோட்டுப் புத்தகத்துடன் வந்தவர்

இந்த விஷயம் நமக்கு ஏட்டுச் சுரைக்காய் அல்ல. நாம் கோர்ட்டுக்குப் போய்க்கொண்டிருந்த நாளில், ஒரு மாலை, நாடகக் குழு ஒன்றில் பல வருஷம் வசனம் எழுதியவர் நம்மைத் தேடி வந்தார். கையில் நூல் கட்டிய நோட்டுப் புத்தகம். அவர் ஒரு படக் கம்பெனியில் இரண்டு நாள் உட்கார்ந்து தம் கதையை வாயால் சொல்லியிருக்கிறார். காப்பி கொடுத்தார்கள், சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். இரண்டு வருஷம் கழித்து மனைவியுடன் படம் பார்க்கப் போனவர் இடைவேளைக்கு முன்பே வெளியே வந்துவிட்டார்.

"ஐயா, எனக்குப் பணம்கூட வேண்டாம், என் பெயரை ஒரு மூலையில் போடச் சொல்லுங்கள். என் பிள்ளைகள் பார்க்கட்டும்" என்றார்.

கம்பெனியாருக்கு எழுதிக் கொடுத்தது ஏதேனும் உண்டா என்று கேட்டோம். இல்லை. கூட இருந்து கேட்டவர் எவரேனும் சாட்சி சொல்லுவாரா? அவர்கள் எல்லோரும் அந்தக் கம்பெனியில் சம்பளம் வாங்குகிறவர்கள். படத்தில் ஊரும் பெயர்களும் முடிவும் மாறியிருந்தன. வழக்குப் போட்டால் தோற்பீர்கள் என்று சொல்லுவதைத் தவிர நமக்கு வேறு வழியில்லை. அவர் கோபிக்கவில்லை. நோட்டைத் திரும்பவும் நூலால் கட்டிக்கொண்டு, "அப்படியானால் கதை சொல்லுகிறவன் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பதுதான் சட்டமா, ஐயா?" என்று கேட்டுவிட்டுப் படியிறங்கினார். அவருக்கு அன்று சொல்லாத பதிலைத்தான் இன்று எழுதுகிறோம்.

சட்டம் சொல்லுவது

நமது நாட்டில் இவ்விஷயத்தில் முதன்மையான தீர்ப்பு 1978-ல் ஸுப்ரீம் கோர்ட்டார் அளித்தது. ஆர். ஜி. ஆனந்த் என்பவர் 1953-ல் 'ஹம் ஹிந்துஸ்தானி' என்ற நாடகத்தை எழுதி டில்லியில் அரங்கேற்றினார். பஞ்சாபிக் குடும்பமும் சென்னை ராஜதானிக் குடும்பமும் அண்டை வீட்டார். பிள்ளையும் பெண்ணும் காதலிக்கிறார்கள். மாகாணப் பற்று குறுக்கே நிற்கிறது. இதுதான் கதை. 1956-ல் 'நியூ டெல்லி' என்ற ஹிந்திப் படம் வந்தது. அதிலும் பஞ்சாபிப் பையன், தமிழ்ப் பெண், மாகாணப் பற்று. ஆனந்த் வழக்குத் தொடுத்தார். கீழ்க் கோர்ட்டில் தோற்றார். டில்லி ஹைகோர்ட்டில் தோற்றார். ஸுப்ரீம் கோர்ட்டிலும் தோற்றார். 

கருத்துக்கும் கருவுக்கும் கதைப் போக்குக்கும் பதிப்புரிமை இல்லை, அவற்றை ஓர் ஆசிரியன் எடுத்துச் சொன்ன உருவத்துக்கே உரிமை உண்டு என்பது அத்தீர்ப்பின் சாரம். இரண்டையும் பார்த்த சாமானிய மனிதனுக்குப் பின்னது முன்னதன் நகல் என்ற எண்ணம் சந்தேகமின்றித் தோன்ற வேண்டும். அப்பொழுதுதான் உரிமை மீறப்பட்டதாகும். படத்தில் வாடகை வீடு கொடுப்பதில் காட்டும் வேற்றுமையும், வரதட்சணைக் கொடுமையும் புதிதாகச் சேர்க்கப்பட்டிருந்தன என்பதைக் கோர்ட்டார் எடுத்துக் காட்டினர். மூன்று நீதிபதிகளில் ஒருவராகிய பாடக் அந்த முடிவை ஏற்றுக்கொண்டும் தமது ஐயத்தைத் தனியே பதிவு செய்தார்.

இந்தச் சட்டம் மாற வேண்டும் என்று நாம் கேட்கப் போவதில்லை. நேயர்களில் சிலருக்கு இது வியப்பாயிருக்கும். கருத்துக்கே வேலி போட்டால் முதலில் அந்த வேலியை வாங்குகிறவன் பணக்காரன். கீசகன் கதைக்கு ஒரு கம்பெனி சொந்தக்காரன் ஆகியிருந்தால் காடில்கர் நாடகம் எழுதியிருக்க முடியாது. இரட்டைப் பிள்ளைகள் கதைக்கு ஒரு முதலாளி பட்டா வாங்கியிருந்தால் புலிகேசி பிறந்திருக்க மாட்டான். கருத்து ஊர்ப் பொதுக் குளம், யாரும் இறங்கலாம். ஆனால் குளத்தில் இறங்கும் உரிமை, கரையில் இருப்பவனுடைய குடத்தைத் தூக்கிக்கொண்டு போகும் உரிமை ஆகாது. குடம் என்பது அவன் உழைத்து வனைந்த உருவம்.

சட்டத்தில் மற்றொரு வாசலும் உண்டு. எழுத்தாளர் பலர் அதை அறியார். 2003-ல் பம்பாய் ஹைகோர்ட்டில் ஒரு வழக்கு. ஸண்டயல் என்ற நிறுவனத்தார் 'கன்னையா' என்னும் தொலைக்காட்சித் தொடருக்கான கருத்தை எழுதி ஜீ நிறுவனத்தாரிடம் கொடுத்திருந்தார்கள். கண்ணன் குழந்தை வடிவில் ஒரு குடும்பத்துக்கு வருவது அதன் கரு. அதே மாதிரித் தொடர் ஒன்றை ஜீ நிறுவனத்தார் வெளியிட முனைந்தபோது கோர்ட்டார் தடை உத்தரவு போட்டார்கள். கண்ணன் கதைக்கு எவரும் சொந்தக்காரர் இல்லை. ஆனால் நம்பிக்கையின் பேரில் எழுத்து மூலம் ஒப்படைத்த விஷயத்தை நம்பிக்கை கெடப் பயன்படுத்தலாகாது என்பதே காரணம். நம்மிடம் வந்தவர் வாயால் சொன்னதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக ஒரு கையெழுத்து வாங்கியிருந்தால், நாம் அவரை வேறு பதில் சொல்லி அனுப்பியிருப்போம்.

பெரியவனுக்கு விலை, சிறியவனுக்குக் காப்பி

தொலைக்காட்சியில் நடப்பதைப் பாருங்கள். 1989-ல் ஹ்யூகி கிரீன் என்ற இங்கிலீஷ்காரர், தாம் நடத்திய திறமைப் போட்டி நிகழ்ச்சியை அதே பெயரோடும் அமைப்போடும் நியூஜீலந்து ஒலிபரப்பு நிறுவனத்தார் நடத்திவிட்டார்கள் என்று பிரிவி கவுன்ஸில் வரை போனார். தோற்றார். நிகழ்ச்சியின் வெறும் அமைப்புக்கு உரிமை கிடையாது என்று விட்டார்கள்.

அப்படியிருந்தும் இன்று என்ன நடக்கிறது? 1998-ல் இங்கிலாந்தில் தொடங்கிய வினா-விடைப் போட்டி 2000-ல் ஹிந்திக்கும், 2012-ல் 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி' என்று தமிழுக்கும் உரிமை பெற்றே கொண்டுவரப்பட்டது. 1999-ல் ஹாலந்தில் பிறந்த நிகழ்ச்சி 2017-ல் 'பிக் பாஸ்' என்று தமிழில் வந்ததும் அவ்வாறே. பெயரும் இசையும் நடத்தும் நுணுக்கமும் சேர்ந்து வருவதால் பணம் கொடுக்கிறோம் என்பார்கள். சரி. ஆயினும் கடல் கடந்து வரும் கருத்துக்குப் பத்திரம் எழுதிப் பணம் கட்டும் கை, உள்ளூர் மனிதன் சொல்லும் கதைக்கு ஒரு காப்பியுடன் நின்றுவிடுகிறதே, அது ஏன்? அவனிடம் வக்கீல் இல்லை. அவன் மறுநாளும் வேலை கேட்டு அதே வாசலில் நிற்க வேண்டியவன். வேறு காரணம் நமக்குத் தெரியவில்லை.

2018-ல் நடந்தது நேயர்களுக்கு நினைவிருக்கும். தம் ஓட்டை வேறொருவர் போட்டுவிட்டதைக் கண்டு ஒருவன் போராடும் கதை 'சர்க்கார்'. அந்தப் படம் வெளிவரு முன், 2007-ல் எழுத்தாளர் சங்கத்தில் பதிவு செய்யப்பட்ட 'செங்கோல்' என்ற கதைக்கும் அதற்கும் ஒற்றுமை உண்டு என்று உதவி டைரக்டர் ஒருவர் முறையிட்டார். கரு ஒன்றாயிருக்கலாம், திரைக்கதை தம்முடையதே என்று படத்தின் டைரக்டர் மறுத்தார். சங்கத் தலைவர் பாக்யராஜ் ஒற்றுமை உண்டென்று எழுதினார். விஷயம் சென்னை ஹைகோர்ட்டுக்குப் போய்ச் சமரசத்தில் முடிந்தது. முறையிட்டவரைக் குறிப்பிடும் நன்றி அறிவிப்பைப் படத்தில் காட்ட ஒப்புக்கொண்டார்கள். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நாம் உட்காரவில்லை. ஒரு தாளில் எழுதிப் பதிவு செய்து வைத்தவருக்கு ஒரு வரி கிடைத்தது; நம்மிடம் நோட்டுப் புத்தகத்துடன் வந்தவருக்கு அதுவும் கிடைக்கவில்லை. பாடம் அதுதான்.

சட்டம் அசையாமலே இருக்கிறது என்றும் சொல்லலாகாது. படத்துக்கு இசையமைத்தவருக்கும் பாட்டு எழுதியவருக்கும் பட முதலாளி ஒரு முறை பணம் கொடுத்துவிட்டால் உரிமை முதலாளியுடையதே என்று 1977-ல் ஸுப்ரீம் கோர்ட்டார் தீர்ப்பளித்தார்கள். முப்பத்தைந்து வருஷங்கள் கழிந்து 2012-ல் பார்லிமெண்ட் சட்டத்தைத் திருத்திற்று. திரையரங்கில் காட்டுவது தவிர மற்ற உபயோகங்களில் வரும் வருமானத்தில் சமபங்கு பெறும் உரிமையை எழுத்தாளரும் இசையமைப்பாளரும் தம் வாரிசுகளுக்கோ உரிமைச் சங்கத்துக்கோ அன்றி வேறு எவருக்கும் எழுதிக் கொடுக்கவே முடியாது, கொடுத்தாலும் செல்லாது. பட்டினியில் போட்ட கையெழுத்து பரம்பரையைக் கட்டுப்படுத்தாது என்பது சிறிய லாபமல்ல. இது தானாக வந்ததுமல்ல. கேட்டவர்கள் இருந்ததனால் வந்தது.

செய்ய வேண்டியது

இனி, காரியத்துக்கு வருவோம்.

எழுத்தாளர்கள் கதையை வாயால் மட்டும் சொல்லுவதை நிறுத்த வேண்டும். பதிவு செய்யாவிட்டாலும் எழுதிய கணத்திலேயே பதிப்புரிமை பிறந்துவிடுகிறது. ஆனால் என்று எழுதினோம் என்பதற்குப் பதிவே சாட்சி. சங்கத்தில் பதிவு செய்யுங்கள். சுருக்கத்தை எழுத்து மூலம் கொடுத்துக் கையெழுத்துப் பெறுங்கள். கையெழுத்துப் போட மறுக்கிற கம்பெனியில் கதையைச் சொல்லாதிருப்பதே நலம்.

படம் எடுப்பவர்கள் மூலம் எது என்பதைத் திரையில் ஒரு வரியில் சொல்லும் வழக்கத்தைக் கைக்கொள்ள வேண்டும். நாவலாயினும், பிறமொழிப் படமாயினும், ஓர் உதவியாளர் சொன்ன கருவாயினும் சரி, ஒரு வரி போதும். கம்பன் சொன்னதனால் கம்பன் குறைந்துவிடவில்லை.

பத்திரிகைகளாகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. அதில் இதுவரை நாமும் தவறியிருக்கிறோம் என்பதை ஒப்புக்கொள்ளுகிறோம். படத்தை விமரிசிக்கும்போது கதாநாயகனுடைய சண்டையை வருணிக்க இருக்கும் இடம், கதை எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல இருப்பதில்லை. இனி நமது பத்திரிகையில் வரும் ஒவ்வொரு பட விமரிசனத்திலும் மூலம் தெரிந்திருந்தால் அது குறிப்பிடப்படும்.

நேயர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு படத்தைப் பார்த்து, "இது பழைய கதை" என்று உதட்டைப் பிதுக்குவதோடு நின்றுவிடாதீர்கள். பழைய கதையில் இவன் எதைச் சேர்த்தான், யாரிடம் வாங்கினான், வாங்கினதைச் சொன்னானா என்ற மூன்று கேள்விகளையும் கேளுங்கள். முதல் கேள்விக்கு நல்ல பதில் இருந்தால் பாராட்டுங்கள். மற்ற இரண்டுக்கும் பதில் இல்லையென்றால் நமக்கு எழுதுங்கள்.

படியிறங்கிப் போன அந்த நண்பர் இதைப் படிக்கிறாரோ என்னவோ, அறியோம். படித்தால் அவருக்குச் சொல்லுகிறோம்: ஐயா, கதை சொல்லுகிறவன் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது சட்டமல்ல. நோட்டின் நூலை அவிழுங்கள். அடுத்த கதையைத் தாளில் எழுதி, தேதி போட்டு, கீழே உங்கள் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். அதன் பிறகு சொல்லுங்கள்.